தடுப்பூசி போட்டும் கோழி சாகிறதே, ஏன்?

கேள்வி: டாக்டர் சார், டி.கல்லுப்பட்டி பக்கம் ஒரு கிராமத்தில் சிறுவிடைக் கோழி வளர்க்கிறேன். பத்துத் தாய்க்கோழிகளோடு ஆரம்பித்து, அடை வைத்தே பெருக்கினேன். ஒரு குறையும் இல்லை. போன வருடம் ஆசைப்பட்டு மூன்று பேரிடம் முட்டை வாங்கி, இன்குபேட்டரில் பொரிக்க வைத்து, எல்லாக் குஞ்சுகளையும் சூடு காட்டும் ஒரே புரூடர் கூண்டில் விட்டேன். வெள்ளைக்கழிச்சலுக்கு ஏழாம் நாள் சொட்டு மருந்து, நாலாவது வாரம் லசோட்டா மருந்து, இரண்டாம் மாதம் ஊசி என்று எதையும் விடவில்லை. அப்படியும் சில குஞ்சுகள் வளரவே இல்லை. சிலது வெள்ளைக்கழிச்சலில் போனது. மிச்சம் இருந்த பெட்டைகள் முட்டைக்கு வரும் நேரத்தில் ஒவ்வொன்றாக மெலிந்து, கொண்டை வெளுத்து, வயிறு மட்டும் பெருத்துச் சாகின்றன. ஒன்றை அறுத்துப் பார்த்தால் ஈரல் இரண்டு மடங்கு இருந்தது, மேலெல்லாம் வெள்ளைப் புள்ளி. பழைய தாய்க்கோழிகளுக்கு ஒன்றும் ஆகவில்லை. கல்லூரியில் படிக்கும் பக்கத்து வீட்டுப் பையன் "இது ரெட்ரோ வைரஸ், கோழிக்கு வரும் எய்ட்ஸ்" என்கிறான். என் வீட்டுக்காரர் திருமங்கலம் சந்தையில் வாங்கிய சேவல்தான் காரணம் என்கிறார். எனக்குத் தடுப்பூசி மேல்தான் சந்தேகம். எதிர்ப்புச் சக்திக்கு மருந்து இருக்கிறதா? இந்தக் கோழியைச் சாப்பிடலாமா?

பதில்: கடைசிக் கேள்வியை முதலில் முடித்துவிடலாம் அம்மா, வீட்டில் எல்லோரையும் பயமுறுத்தியிருப்பது அதுதான். கோழிகளுக்கு வரும் ரெட்ரோ வைரஸ் வேறு, மனிதருக்கு எய்ட்ஸ் தரும் வைரஸ் வேறு. இதிலிருந்து அது வராது. கோழியின் இந்த வைரஸ்களால் மனிதருக்கு நோய் வந்ததாக நிரூபணமும் கிடையாது. சூட்டைத் துளியும் தாங்காத வைரஸ் இது. 60 டிகிரியிலேயே நிமிடக் கணக்கில் செத்துவிடும், குழம்பு கொதிப்பதோ அதற்கு மேல். நன்றாக இருக்கும் கோழியைத் தாராளமாகச் சாப்பிடுங்கள். ஆனால் மெலிந்து, ஈரலில் கட்டியோ புள்ளியோ உள்ள கோழியைச் சட்டியில் ஏற்ற வேண்டாம். அந்தப் புள்ளி எதனால் வந்தது என்று உங்களுக்கும் தெரியாது, பார்க்காமல் எனக்கும் தெரியாது.

பையன் சொன்னதில் பாதி சரி. ரெட்ரோ வைரஸ் என்பது ஒரு குடும்பம். மற்ற வைரஸ்களில் பல உயிரணுவுக்குள் புகும், பெருகும், அதை உடைத்துக்கொண்டு வெளியே வரும். இந்தக் குடும்பம் தன் ஆர்.என்.ஏ.வை டி.என்.ஏ.வாக மாற்றி எழுதி, கோழியின் சொந்த மரபணுச் சரத்துக்குள்ளேயே ஒட்டவைத்துவிடும். அதன்பின் அந்த உயிரணு இரண்டாகப் பிரியும்போதெல்லாம் வைரஸும் கூடவே பிரதியாகும். வெளியே எடுக்க வழியில்லை. இப்படி மாற்றி எழுதும் நொதியை 1970-இல் டெமினும் பால்டிமோரும் தனித்தனியாகக் கண்டுபிடித்தார்கள். டெமின் ஆராய்ந்தது கோழி வைரஸைத்தான். அதற்கும் முன்னால், 1911-லேயே, நியூயார்க்கில் பெய்ட்டன் ரவுஸ் ஒரு பெட்டைக்கோழியின் கட்டியை அரைத்து வடிகட்டி, அந்தத் தெளிவை வேறு கோழிக்குச் செலுத்தி, அதே கட்டியை வரவழைத்துக் காட்டினார். அன்றைக்கு யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. நோபல் பரிசு 1966-இல்தான் வந்தது. மனிதருக்கு ரெட்ரோ வைரஸ் இருப்பது தெரிவதற்குப் பல பத்தாண்டுகள் முன்பே கோழிக்கு இருப்பது தெரிந்துவிட்டது என்று வைத்துக்கொள்ளுங்கள்.

நம் பேச்சுக்கு வேண்டியவை இரண்டு. ஒன்று ஏவியன் லூகோசிஸ் வைரஸ். இதில் ஏ, பி, ஜே என்று பல உட்பிரிவுகள் உண்டு. ஜே வகை 1980-களின் கடைசியில் இங்கிலாந்தில் கறிக்கோழித் தாய்களில் தெரியவந்து, பிறகு உலகம் முழுக்கப் பரவியது. இன்னொன்று ரெட்டிகுலோ எண்டோதீலியோசிஸ் வைரஸ்; வாயில் நுழையாத பெயர், இனி ஆர்.இ.வி. என்றே சொல்கிறேன்.

இவை எதிர்ப்புச் சக்தியை எப்படிக் கெடுக்கின்றன என்று புரிய, கோழிக்குள் ஓர் இடத்தைப் பார்க்க வேண்டும். ஆசனவாய்க்கு உள்ளே, முதுகுப் பக்கமாக, ஒரு சிறு பை இருக்கும். பர்சா என்பார்கள். இரண்டு மாதக் குஞ்சில் அரைநெல்லிக்காய் அளவு. நீங்கள் கோழி அறுக்கும்போது குடலோடு சேர்த்து வீசிவிடும் சமாச்சாரம்தான். அது எதற்கு என்று ரொம்ப நாள் யாருக்கும் தெரியாது. 1956-இல் புரூஸ் கிளிக்கும் அவருடைய கூட்டாளிகளும் எழுதினார்கள்: சின்ன வயதிலேயே பர்சாவை எடுத்துவிட்ட கோழிகளுக்குக் கிருமியைச் செலுத்தினால் அதை அடக்கும் எதிர்ப்புப் பொருள் (ஆன்டிபாடி) சரியாக உண்டாவதில்லை. தடுப்பூசி போட்டதும் "இந்தக் கிருமி வந்தால் இப்படி அடி" என்று கற்றுக்கொள்ளும் அணுக்கள் அங்கேதான் முதிர்கின்றன. கழுத்தின் இரு பக்கமும் வரிசையாக இருக்கும் தைமஸ் சுரப்பி இன்னொரு வகை அணுக்களைத் தயார் செய்கிறது. பர்சாவும் தைமஸும் குஞ்சுப் பருவத்தில்தான் மும்முரமாக வேலை செய்யும். முட்டைக்கு வரும் வயதில் பர்சா தானாகவே சுருங்கிவிடும்.

ஆர்.இ.வி. கருவிலோ, பொரித்த முதல் நாட்களிலோ புகுந்தால் இந்த இரண்டும் வளராமல் வாடிப்போகும். குஞ்சு தின்னும், ஆனால் தேறாது. ஒரே நாளில் பொரித்ததில் ஒன்று கைக்கு அடங்காமல் இருக்கும், இன்னொன்று உள்ளங்கையிலேயே நிற்கும். இறக்கை இறகை விரித்துப் பாருங்கள்: தண்டின் ஒரு பகுதியில் மட்டும் தூவி விரியாமல் தண்டோடு ஒட்டிக்கொண்டிருந்தால் அது நல்ல அடையாளம். இந்தக் குஞ்சுக்கு ஏழாம் நாள் கண்ணில் நீங்கள் விட்ட சொட்டு மருந்து குறையில்லாததுதான். பாடம் படிக்க வேண்டிய அணுக்கள் இல்லை. மருந்து போட்ட கணக்கு நோட்டில் இருக்கும், கோழியின் ரத்தத்தில் இருக்காது. வெள்ளைக்கழிச்சல் வந்ததும் போட்டதற்கும் போடாததற்கும் வித்தியாசம் தெரியாமல் போய்விடும்.

லூகோசிஸ் வைரஸ் வேறு விதம். அது பர்சாவின் அணுக்களுக்குள்ளேயே குடியேறி, பெருக்கத்தைக் கட்டுப்படுத்தும் மரபணு ஒன்றின் பக்கத்தில் ஒட்டிக்கொண்டு அதைத் தட்டி எழுப்பிவிடுகிறது. அந்த அணு நிற்காமல் பெருகும். ஒன்றிரண்டு மாத வயதிலேயே பர்சாவின் உள்ளே இது ஆரம்பித்திருக்கும். வெளியே ஒன்றும் தெரியாது. பிறகு அங்கிருந்து ஈரலுக்கும் மண்ணீரலுக்கும் பரவும். நாலு மாதத்துக்கு முன்னால் இந்தக் கட்டி வருவது அபூர்வம். நீங்கள் சொல்லும் "முட்டைக்கு வரும் நேரம்" இதற்குக் கச்சிதமாகப் பொருந்துகிறது. ஜே வகை எலும்பு மஜ்ஜையில் உள்ள அணுக்களையும் பிடிக்கும். கட்டி வராத கோழியும் வைரஸைச் சுமந்துகொண்டு, வழக்கத்தைவிடக் குறைவாக முட்டையிட்டு, சளி, கழிச்சல் என்று எது வந்தாலும் முதலில் விழும்.

இனி முக்கியமான விஷயம். இந்த வைரஸ் தாயிடமிருந்து முட்டைக்குள் போகிறது. கரு உருவாகும்போதே வைரஸ் கூட இருப்பதால், எது தன்னுடையது, எது வெளியிலிருந்து வந்தது என்று பிரித்தறியும் காலத்தில் குஞ்சின் உடம்பு அதையும் தன்னுடையது என்றே கணக்கில் எடுத்துக்கொள்கிறது. ஆயுள் முழுக்க அதை எதிர்க்கவே எதிர்க்காது. ரத்தம் நிறைய வைரஸ் இருக்கும், எதிர்ப்புப் பொருள் ஒரு சொட்டு இருக்காது. அப்படிப்பட்ட பெட்டை பெரிதானதும் தன் முட்டைகளில் பெரும்பாலானவற்றுக்கு வைரஸை அனுப்பும். அது மட்டுமில்லை, பொரித்த குஞ்சின் முதல் எச்சத்திலேயே வைரஸ் ஏராளம். அதே தட்டில், அதே புரூடரில் பக்கத்தில் நிற்கும் குஞ்சுக்கு முதல் வாரத்திலேயே ஒட்டிக்கொள்ளும்.

உங்கள் கடிதத்தில் என் கண் நின்ற இடமும் இதுதான்: மூன்று பேரிடம் முட்டை, ஒரே புரூடர். அந்த மூன்றில் ஒருவரிடம் இரண்டு மூன்று பெட்டைகள் வைரஸ் சுமந்தவையாக இருந்தால் போதும். பழைய தாய்க்கோழிகள் தப்பித்ததற்கும் இதுவே விளக்கம். வளர்ந்த கோழிக்கு வைரஸ் வந்தால் சில நாள் ரத்தத்தில் இருக்கும், உடம்பு எதிர்ப்புப் பொருளை உண்டாக்கி அடக்கிவிடும், பெரும்பாலும் நோயாக மாறாது. எந்த வயதில் தொற்றியது என்பதுதான் எல்லாவற்றையும் தீர்மானிக்கிறது.

சேவல் விஷயத்தில் உங்கள் வீட்டுக்காரரிடம் கொஞ்சம் பக்குவமாகச் சொல்லுங்கள். லூகோசிஸ் வைரஸ் சேவலின் விந்தணு வழியாக நேரே கருவுக்குப் போவதில்லை. நோயுள்ள சேவல் பெட்டைக்குத் தொற்ற வைக்கலாம், கூட்டத்தில் ஒரு கோழியாக எச்சம் மூலம் பரப்பலாம், அவ்வளவே. சந்தையில் வாங்கிய சேவலை நேராகக் கூட்டத்தில் விட்டது தப்புதான், வேறு பத்து நோய்க்கு அது வாசல். ஆனால் இந்தக் கதையின் வில்லன் அது இல்லை.

தடுப்பூசியைப் பற்றியும் ஒரு வார்த்தை. ஆர்.இ.வி. கலந்த தடுப்பூசியால் குஞ்சுகள் கெட்ட சம்பவம் உலகத்தில் நடந்ததுண்டு. 1970-களில் ஜப்பானில் மேரக் என்ற கோழி நோய்க்கான தடுப்பூசியில் அப்படி நடந்தது. கோழி அம்மை வைரஸ் சிலவற்றில் ஆர்.இ.வி.யின் மரபணு முழுசாக ஒட்டிக்கொண்டே திரிவதும் பிறகு தெரியவந்தது. அதற்காகத் தடுப்பூசி வேண்டாம் என்று நிறுத்தினால் ஒரே கழிச்சலில் கூண்டு காலியாகிவிடும். நம்பகமான கடையில், ஐஸ் பெட்டியிலிருந்து எடுத்துத் தருகிறாரா, பாட்டிலில் தேதி என்ன என்று பார்த்து வாங்குங்கள். நான் கவலைப்படுவது ஊசியைப் பற்றி. இரண்டாம் மாத ஊசியை ஊர்க்கோழி எல்லாவற்றுக்கும் ஒரே ஊசிமுனையில் போட்டுக்கொண்டே போவது நம் பக்கம் சாதாரணம். நோயுள்ள கோழியின் ரத்தம் அதில் ஒட்டி அடுத்த கோழிக்குப் போகும். சில கோழிகளுக்கு ஒருமுறையாவது முனையை மாற்றச் சொல்லுங்கள். பிப்ரவரியில் கால்நடைத் துறை நடத்தும் கழிச்சல் தடுப்பூசி முகாமுக்குக் கோழியைப் பிடித்துக்கொண்டு போனாலும் இதைக் கேட்கத் தயங்காதீர்கள்.

சரி, இதெல்லாம் பொருந்துகிறது என்பதாலேயே இதுதான் என்று முடிவு கட்டிவிடக் கூடாது. எதிர்ப்புச் சக்தியைக் கெடுப்பதில் ரெட்ரோ வைரஸைவிடச் சாதாரணமாகக் கண்ணில் படுபவை இருக்கின்றன. கம்போரோ என்கிற ஐ.பி.டி. நோய் இதே பர்சாவைத்தான் அழிக்கிறது. அதற்கு இரண்டாவது வாரம் சொட்டு மருந்து உண்டு. நீங்கள் எழுதிய பட்டியலில் அது இல்லை. அப்புறம் தீவனம். உங்கள் பக்கம் மக்காச்சோளம் தாராளம். மழையில் நனைந்து, மூட்டையிலேயே வெதும்பிப் பூஞ்சை பிடித்ததைக் "கோழிக்குத்தானே" என்று போடுவார்கள். அதிலும் கடலைப் புண்ணாக்கிலும் வரும் அஃப்ளாடாக்சின் ஈரலையும் கெடுக்கும், எதிர்ப்புச் சக்தியையும் குறைக்கும். மூட்டைக்குள் கையை விட்டு அடியிலிருந்து ஒரு பிடி எடுத்து மோந்து பாருங்கள். முடை நாற்றம் அடித்தாலோ, பச்சையாகத் தூள் ஒட்டியிருந்தாலோ அது உரக்குழிக்கு.

ஈரல் கட்டியிலும் குழப்பம் உண்டு. மேரக் நோயும் இதே மாதிரி ஈரலைப் பெரிதாக்கும். அது ஹெர்பெஸ் வகை வைரஸ், ரெட்ரோ வைரஸ் இல்லை. அதற்குப் பொரித்த அன்றே போடும் தடுப்பூசி இருக்கிறது; லூகோசிஸுக்கும் ஆர்.இ.வி.க்கும் நம் கைக்கு எந்தத் தடுப்பூசியும் இல்லை. மேரக்கில் கோழி ஒரு காலை முன்னால், ஒரு காலைப் பின்னால் நீட்டிப் படுத்துவிடும். நாலு மாதத்துக்கு முன்பே வரலாம். தொடையின் உள்பக்க நரம்பு ஒரு பக்கம் மட்டும் தடித்து மஞ்சளாக இருக்கும். லூகோசிஸில் நரம்பு நன்றாக இருக்கும், ஆனால் அந்த வயதில் சுருங்கியிருக்க வேண்டிய பர்சா முண்டும் முடிச்சுமாகத் தடித்திருக்கும். அடுத்த முறை அறுக்கும்போது ஈரலோடு நிறுத்தாமல் இந்த இரண்டு இடத்தையும் பாருங்கள், செல்போனில் படம் எடுத்து வையுங்கள். இரண்டு மூன்று வயதுக் கிழட்டுக் கோழியின் ஈரலிலும் குடலிலும் கெட்டியான, வெட்டினால் தயிர்க்கட்டி மாதிரி உதிரும் முடிச்சுகள் இருந்தால் கோழிக் காசநோயையும் நினைக்க வேண்டும். கையுறை இல்லாமல் அறுக்காதீர்கள் என்று சொல்வதற்கு இதுவும் ஒரு காரணம்.

கண்ணால் பார்த்து இவ்வளவுதான் முடியும். உறுதி செய்ய ஆய்வகம் வேண்டும். செத்து நாறியதைக் கொண்டுபோக வேண்டாம். மெலிந்து சாகக் கிடக்கும் கோழியை உயிரோடு கொண்டுபோவது உத்தமம். செத்திருந்தால் சில மணி நேரத்துக்குள் ஐஸ் வைத்த பெட்டியில், உறைய விடாமல். உங்கள் ஊர் கால்நடை மருந்தகத்தில் முதலில் காட்டுங்கள். அவர்கள் மாவட்டக் கால்நடை நோய் புலனாய்வுப் பிரிவுக்கு அனுப்பிவைப்பார்கள். திருப்பரங்குன்றத்தில் கால்நடை மருத்துவப் பல்கலைக்கழகத்தின் பயிற்சி மையம் இருக்கிறது, எங்கே எந்தப் பரிசோதனை செய்கிறார்கள் என்று அங்கேயும் கேட்கலாம். கேட்கும்போது ஒன்றைக் குறிப்பாகச் சொல்லுங்கள்: எதிர்ப்புப் பொருளைத் தேடும் பரிசோதனை மட்டும் போதாது. மேலே சொன்னேனே, மிக ஆபத்தான கோழியிடம் எதிர்ப்புப் பொருளே இருக்காது, அந்தப் பரிசோதனையில் அது சுத்தமான கோழியாகத் தேறிவிடும். லூகோசிஸ் வைரஸின் பி27 என்கிற புரதத்தை முட்டை வெள்ளைக்கருவில் தேடும் எலைசா பரிசோதனை இதற்குப் பொருத்தமானது. கோழியைத் தொடக்கூட வேண்டாம், முட்டை போதும். அதிலும் ஒரு சிக்கல்: பரம்பரையாகக் கோழியின் மரபணுவிலேயே இருக்கும், தீங்கு செய்யாத ரெட்ரோ வைரஸ் துணுக்கும் சில கோழிகளில் அதே புரதத்தைக் காட்டும். ஆகவே வந்த முடிவை, வைரஸின் மரபணுவையே தேடும் பிசிஆர் பரிசோதனை வைத்து உறுதி செய்துகொண்டு கோழியைக் கழிப்பது நல்லது.

எதிர்ப்புச் சக்திக்கு மருந்து கேட்டிருந்தீர்கள். மரபணுவில் ஒட்டிக்கொண்ட வைரஸை எடுக்கும் மருந்து கோழிக்கு இல்லை. லிவர் டானிக், வைட்டமின், "இம்யூனிட்டி பூஸ்டர்" என்று கடைக்காரர் அடுக்கி வைப்பார். கீழாநெல்லியும் மஞ்சளும் அரைத்துக் கொடுக்கலாம், தப்பில்லை. ஆனால் வயிறு பெருத்த பெட்டைக்கு அதெல்லாம் கொடுத்துத் தேற்றிவிடலாம் என்று பணத்தை இறைக்காதீர்கள். அதே காசில் ஒரு பரிசோதனை செய்யலாம்.

என் யோசனை கடுமையாக இருக்கலாம். அந்த இன்குபேட்டர் குஞ்சுகளில் மிஞ்சியவற்றை இனி தாய்க்கோழியாக வைக்காதீர்கள், பார்க்க எவ்வளவு லட்சணமாக இருந்தாலும் சரி. நன்றாக இருப்பவை கறிக்குப் போகட்டும். அதன் முட்டையைச் சாப்பிடுங்கள், விற்கவும் விற்கலாம், ஆனால் அடைமுட்டையாக யாருக்கும் கொடுக்காதீர்கள். மாசி சிவராத்திரிக்குக் குலதெய்வக் கோயில் கணக்கில் நாட்டுக்கோழிக்கு விலை ஏறும்போது "வளர்ப்புக்குக் கொடு" என்று கேட்டு ஆள் வரும். அப்போது வாயைத் திறந்து சொல்ல வேண்டும், இது வளர்ப்புக்கு ஆகாது என்று. உங்களுக்கு முட்டை விற்ற மூன்று பேரில் யாரோ ஒருவர் சொல்லாமல் விட்டார், அல்லது அவருக்கே தெரியவில்லை. செத்ததைக் கண்மாயில் எறியாமல் ஆழமாகக் குழி வெட்டி, சுண்ணாம்பு போட்டு மூடுங்கள்.

கொட்டகைக்காகப் பயப்பட வேண்டாம். கோழிக்கு வெளியே இந்த வைரஸ் சில மணி நேரம்தான் தாக்குப்பிடிக்கும். நம் ஊர்ச் சித்திரை வெயிலில் அதுவும் கிடையாது. பழைய படுக்கையை அள்ளிவிட்டு, சோப்புத் தண்ணீரில் கழுவி, சுண்ணாம்பு அடித்துக் காயவிட்டால் போதும். இன்குபேட்டர் தட்டையும் அப்படியே.

புதிதாக ஆரம்பிக்கும்போது உங்கள் பழைய தாய்க்கோழிகளிலிருந்தே ஆரம்பியுங்கள், முடிந்தால் அவற்றின் முட்டையைப் பரிசோதித்த பிறகு. நோயில்லாமல் தொற்றைச் சந்தித்த தாய்க்கோழியும் எப்போதாவது ஒரு முட்டையில் வைரஸைத் தள்ளக்கூடும், அதனால்தான் கேட்கிறேன். எந்தக் கோழி முட்டை என்று பென்சிலால் குறித்து, ஒரு தாயின் முட்டையை ஒரு கூடையில் வையுங்கள். சிறுவிடை நல்ல அடைக்கோழி. இன்குபேட்டரைக் கொஞ்ச நாள் மூடி வைத்துவிட்டு அதனிடமே விடலாம். முதல் மாதம் வரை ஒரு தாயின் குஞ்சுகளை இன்னொன்றின் குஞ்சுகளோடு கலக்காதீர்கள். பெரிய பண்ணை நிறுவனங்கள் தங்கள் தாய்க்கோழி வம்சத்திலிருந்து லூகோசிஸைத் துரத்தியதும் கிட்டத்தட்ட இந்த வழியில்தான்: முட்டையைப் பரிசோதி, வைரஸ் சுமக்கும் தாயைக் கழி, குஞ்சுகளைச் சின்னச் சின்னக் கூட்டமாகப் பிரித்து வளர். அவர்களுக்கு ஆயிரக்கணக்கில் கோழி, உங்களுக்குப் பத்துத் தாய். வேலை உங்களுக்குத்தான் சுலபம்.

அறுத்த கோழியின் பர்சாப் படமும் ஆய்வக அறிக்கையும் கிடைத்ததும் எழுதுங்கள். அதோடு, மூன்று இடத்து முட்டையில் எந்த இடத்துக் குஞ்சுகள் அதிகம் செத்தன என்று நினைவிருந்தால் அதையும் சேர்த்து எழுதுங்கள்.